உறிஞ்ச இயலாத பிள்ளைக்கும் தாய்ப்பால்



பிறந்த பிள்ளையை மார்பில் அணைத்ததும் அது வாயைத் திறந்து, முலையைப் பற்றித் தானாகவே உறிஞ்சும் என்றே நாம் எதிர்பார்க்கிறோம். பெரும்பாலான பிள்ளைகள் அப்படியே செய்கின்றன. ஆனால் சில பிள்ளைகள் மூளையிலோ நரம்புகளிலோ பிறவிக் குறையோடு பிறக்கின்றன. நனைந்த சீலையைப் போலத் தளர்ந்து கிடக்கும் பிள்ளை உண்டு; வில்லைப் போல விறைத்து வளையும் பிள்ளையும் உண்டு. இவர்கள் பால் குடிக்கப் படும் பாட்டைக் கண்டு, "இது முலை குடியாது, போத்தலைக் குடுங்கோ" என்பார் ஒருவர். "இது தப்பாத பிள்ளை, ஏன் வீணாய்க் கஷ்டப்படுறியள்?" என்பார் இன்னொருவர். இந்த இரண்டு வார்த்தைகளும் ஒரு பிள்ளையின் உயிரையே போக்கக்கூடியவை.

இப்பாடம் சொல்ல வருவது ஒன்றே. உறிஞ்ச இயலாத பிள்ளைக்கும் தாயின் பால் போய்ச் சேர வழி உண்டு. அந்த வழியைத் தாய் மட்டுமன்றித் தகப்பனும், அம்மம்மாவும், மாமியும், அயலவரும் கற்றுக்கொள்ள முடியும்.

1. யார் செய்த குற்றம்?

யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இவர் இப்படிப் பிறந்ததற்குக் காரணம் இவருடைய பாவமா, பெற்றோருடைய பாவமா என்று ஆண்டவரிடம் கேட்கிறார்கள். இரண்டுமில்லை என்பதே அவருடைய மறுமொழி. இன்றும் அதே கேள்வி நமது முற்றங்களில் கேட்கப்படுகிறது. கிரகணத்தில் வெளியே போனாள், பயந்து ஓடினாள், சாபம், செய்வினை என்று பலவற்றைச் சொல்லித் தாயின் தலையிலேயே பழியைப் போடுகிறோம்.

உண்மையான காரணங்கள் வேறு. டவுண் சின்றோம் என்னும் நிலையை எடுத்துக்கொள்வோம். மனித உடலின் ஒவ்வொரு கலத்திலும் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. இப்பிள்ளைகளிடம் 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று மேலதிகமாக இருந்து 47 ஆகிறது. இதை 1959இல் பிரெஞ்சு மருத்துவர் ஜெரோம் லெஜூனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். லெஜூன் ஒரு கத்தோலிக்கர். இப்பிள்ளைகளுக்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்டவர். கரு உருவாகும் வேளையிலேயே இது நேர்ந்துவிடுகிறது. தாய் உண்டதோ, நடந்ததோ, அழுததோ இதற்குக் காரணமல்ல.

முதுகெலும்புப் பிளவு என்னும் குறை, கரு உருவாகி முதல் 4 வாரங்களுக்குள், பல பெண்கள் தாம் கர்ப்பம் என்று அறியும் முன்னரே ஏற்பட்டுவிடுகிறது. இக்குறையின் ஒரு பகுதியை மட்டும் முன்கூட்டியே தடுக்கலாம். முன்பு இப்படியொரு பிள்ளையைப் பெற்ற தாய்மார், கருவுறுவதற்கு முன்பிருந்தே போலிக் அமிலக் குளிசை எடுத்தால் அடுத்த பிள்ளைக்கு அக்குறை வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும் என்று பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றம் 1991இல் காட்டியது. அத்தகைய தாய்க்கு வழமையைவிடக் கூடிய அளவு தேவை. அதை டொக்டரே குறித்துத் தருவார். முதற்பிள்ளைக்குக் காத்திருக்கும் இளம் தம்பதியரும் குடும்பநல மாதுவிடம் போலிக் அமிலம் பற்றிக் கேளுங்கள்.

2. ஏன் உறிஞ்ச இயலவில்லை?

பால் குடிப்பது மூன்று வேலைகள் சேர்ந்தது: உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்செடுத்தல். இந்த மூன்றையும் மூளை ஒழுங்குபடுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக நடத்துகிறது. நரம்புக் குறையோடு பிறந்த பிள்ளையிடம் இந்த ஒழுங்கு குலைகிறது.

தளர்ந்த பிள்ளையின் நாடி தொங்கும், கன்னம் குழியும், நாக்கு வெளியே தள்ளும். முலையைப் பற்றினாலும் பிடி நழுவும். சிறிது நேரத்தில் களைத்துத் தூங்கிவிடும். டவுண் சின்றோம் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருதயக் குறையும் இருப்பதால் களைப்பு இன்னும் கூடும்.

விறைத்த பிள்ளை தலையைப் பின்னே எறிந்து முதுகை வளைக்கும். வாயைத் திறக்க மாட்டாது; திறந்தால் கடித்துவிடும். தாய், "பிள்ளை என்னை வேண்டாமென்று தள்ளுகிறது" என்று மனமுடைந்து போகிறாள். பிள்ளை அவளை வெறுக்கவில்லை. அதன் தசைகள் அதன் சொற்கேட்பதில்லை.

பிள்ளை தளர்ந்திருப்பதற்கும் விறைத்திருப்பதற்கும் காரணங்கள் பல. ஆகையால் முதலில் டொக்டரிடம் காட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, தைரொயிட் சுரப்பி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாத பிள்ளையும் தூங்கி வழிந்து மெதுவாகவே பால் குடிக்கும். பிறந்த முதல் வாரங்களிலேயே கண்டுபிடித்து நாளாந்தம் குளிசை கொடுத்தால், மூளை பழுதுபடாமல் காக்கலாம். பிள்ளையின் குதிக்காலில் இரத்தத்துளி எடுத்துச் சோதித்தார்களா, முடிவு என்ன என்று ஆஸ்பத்திரியில் கேட்பது உங்கள் உரிமை.

கலக்ரோசீமியா போன்ற மிக அரிய சில நோய்களில் மட்டும் தாய்ப்பாலை நிறுத்தும்படி டொக்டர் சொல்வார். அவர் சொல்லாமல் வேறு எவர் சொல்லியும் நிறுத்தாதீர்கள்.

3. ஏன் தாய்ப்பாலே வேண்டும்?

இப்பிள்ளைகளுக்குச் சளியும் நெஞ்சுநோயும் காதுநோயும் எளிதில் தொற்றும். நோயை எதிர்க்கும் பொருட்கள் தாய்ப்பாலிலேயே உண்டு. பால்மாவில் அவை இல்லை. விழுங்கும்போது சிறிதளவு தவறி மூச்சுக்குழாய்ப் பக்கம் போனாலும், பால்மாவைவிடத் தாய்ப்பால் செய்யும் தீங்கு குறைவு. முலையில் உறிஞ்சுவது நாடிக்கும் நாக்குக்கும் பயிற்சியாகிப் பிற்காலத்தில் உண்ணவும் பேசவும் துணை செய்கிறது.

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990இலும், 1995இலும், 2009இலும் வீடு வாசலை விட்டு ஓடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தறப்பாளின் கீழே, வரிசையில் நின்று பெற்ற தண்ணீரில் பால்மா கரைத்து, கொதிக்க வைக்க விறகில்லாமல் போத்தலைக் கழுவிய குடும்பங்களில், வயிற்றோட்டம் முதலில் தாக்கியது பச்சைப் பிள்ளைகளையே. தாயின் மார்புக்கு விறகும் வேண்டாம், கிணறும் வேண்டாம். எந்தப் பாதையில் போனாலும் அது கூடவே வரும்.

"பயத்திலும் கவலையிலும் எனக்குப் பால் வற்றிப்போச்சு" என்று பல தாய்மார் சொல்வதுண்டு. பயமும் கவலையும் பால் இறங்குவதைச் சிறிது நேரம் தடுக்கும். பால் சுரப்பதையே அவை நிறுத்திவிடுவதில்லை. மறைவான ஓர் இடமும், அருகில் ஆறுதலான ஒருவரும் இருந்தால் பால் மீண்டும் இறங்கும். கறந்து எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பது தோட்டக்காரருக்குத் தெரிந்ததே.

4. பால் வற்றாமல் காத்தல்

பிள்ளை உறிஞ்சவில்லையென்றால், பிறந்த முதல் மணித்தியாலத்திலிருந்தே, அல்லது இயன்ற அளவு விரைவாக, கையால் பால் கறக்கத் தொடங்க வேண்டும். 24 மணித்தியாலத்தில் 8 தடவைக்குக் குறையாமல், இரவிலும் கறக்க வேண்டும்.

முதல் நாட்களில் வரும் மஞ்சள் நிறப் பால் சில துளிகளே இருக்கும். பசுவின் கடும்புப்பால் கன்றுக்கு எவ்வளவு தேவை என்று நமக்குத் தெரியும். மனிதப் பிள்ளைக்கும் அப்படியே. முதல் நாளில் ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி போதும். அதைப் பிழிந்து ஊற்றிவிட்டுச் சீனித்தண்ணீரும், தேனும், உரைமருந்தும் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலும், டொக்டர் தரும் மருந்தும் தவிர வேறொன்றும் வேண்டாம்.

கறக்கும் முறை இது. கைகளைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். கழுவிக் கொதிநீர் ஊற்றிய வாயகன்ற கோப்பையை எடுங்கள். பெருவிரலையும் சுட்டுவிரலையும் முலைக்காம்பிலிருந்து ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் பின்னால், எதிரெதிராக வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பின் இரு விரல்களையும் ஒன்றையொன்று நோக்கி அமுக்கி விடுங்கள். தோலின்மேல் விரலைத் தேய்க்கவோ காம்பை இழுக்கவோ கூடாது. விரல்களைச் சுற்றிவர மாற்றி வைத்து எல்லாப் பக்கமும் கறவுங்கள். ஒரு மார்பில் 3 முதல் 5 நிமிடம், பின் மற்றதில், மறுபடி முதலாவதில் என 20 முதல் 30 நிமிடம் எடுக்கும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், கறந்த பாலை மூடி நிழலில் வைத்து 4 மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மீதியை அடுத்த வேளைக்கு வைக்க வேண்டாம்.

பால் பெருகவும் பிள்ளை சூடாக இருக்கவும் இன்னொரு வழி, பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சில் நேராகச் சேர்த்துச் சீலையால் கட்டி வைத்திருப்பது. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், சூடூட்டும் பெட்டிகள் போதாமல் நெருக்கடி நிலவிய ஆஸ்பத்திரியொன்றில் 1978இல் டொக்டர் எட்கார் ரேய் இதைத் தொடங்கினார். கங்காரு முறை என்று இன்று உலகெங்கும் கைக்கொள்கிறார்கள். தகப்பனும் இப்படிப் பிள்ளையை வைத்திருக்கலாம்.

5. தளர்ந்த பிள்ளைக்கு

அழும்வரை காத்திருக்கக் கூடாது. இப்பிள்ளை பசித்தாலும் அழாமல் தூங்கும். 2 அல்லது 3 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுப்புங்கள். உடுப்பைக் கழற்றி, உள்ளங்காலைத் தேய்த்து, ஈரச் சீலையால் முகத்தைத் துடைத்தால் விழிக்கும்.

பிள்ளையின் உடல் முழுவதும் தாங்கப்பட வேண்டும். தலை, கழுத்து, முதுகு ஒரே கோட்டில் இருக்கட்டும். மடியில் தலையணையோ மடித்த சாக்கோ வைத்து, பிள்ளையை மார்பின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். தலை வயிற்றைவிட உயர்ந்திருக்கட்டும். பிள்ளையைத் தாயின் அக்குளின் கீழே, கால்கள் பின்பக்கம் போகுமாறு வைத்துப் பிடிப்பதும் நல்லது. அப்போது அதன் முகத்தைத் தாய் நன்றாகப் பார்க்கலாம்.

தொங்கும் நாடியைத் தாங்க ஒரு கைப்பிடி உண்டு. சேரா டானர், எட்வேட் செருட்டி என்ற இரு அமெரிக்கரின் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அதற்கு டான்சர் பிடி என்று பெயர்.

முதலில், மார்பை அடியிலிருந்து உள்ளங்கையால் தாங்குங்கள். இப்போது பெருவிரல் ஒருபுறமும் மற்ற நான்கு விரல்களும் மறுபுறமும் இருக்கும்.

அடுத்து, கையை மெல்ல முன்னே நகர்த்துங்கள். நடுவிரலும், மோதிரவிரலும், சின்னவிரலும் மார்பைத் தாங்க, பெருவிரலும் சுட்டுவிரலும் காம்புக்கு முன்னே விடுபட்டு நிற்கும்.

பின்னர், அந்த இரு விரல்களுக்கும் இடைப்பட்ட குழியில் பிள்ளையின் நாடியை இருத்துங்கள். பெருவிரல் ஒரு கன்னத்தையும், சற்று வளைந்த சுட்டுவிரல் மறு கன்னத்தையும் மெதுவாகத் தாங்கட்டும். இறுக்க வேண்டாம், மூக்கை மறைக்க வேண்டாம்.

நலிந்து பிறந்த கன்றின் நாடியைக் கையில் ஏந்தி மடியில் ஊட்டியவர்களுக்கு இது புதிய வித்தையல்ல. நாடி ஆடாமல் நின்றால், குறைந்த பலத்தோடும் பிள்ளை உறிஞ்சும். உறிஞ்சுவதை நிறுத்தினால் மார்பை மெல்ல அமுக்கி வாயில் சிறிது பால் விடுங்கள். விழுங்கியபின் மறுபடி அமுக்குங்கள். களைத்துவிட்டால், மார்பில் எஞ்சிய பாலைக் கறந்து கோப்பையால் கொடுங்கள். கடைசியில் வரும் பாலிலேயே கொழுப்பு அதிகம். நிறை கூட அது உதவும்.

6. விறைத்த பிள்ளைக்கு

ஏணையில் கிடக்கும் பிள்ளை எப்படிக் குவிந்து கிடக்கிறதோ, அப்படியே இப்பிள்ளையை வைத்துப் பாலூட்ட வேண்டும். இடுப்பும் முழங்கால்களும் மடிந்திருக்க, கைகள் இரண்டும் நெஞ்சின் நடுவே வர, தலை சற்றே முன்னே குனிய, மெல்லிய சீலையால் சுற்றி மடியில் வையுங்கள்.

பிடரியில் கைவைத்து மார்பை நோக்கித் தள்ளாதீர்கள். தள்ளத் தள்ளப் பின்னே எறியும். தோள்களுக்குப் பின்னால் கையை வைத்துத் தாங்குங்கள். இரைச்சலும் வெளிச்சமும் குறைந்த இடம் நல்லது. முகாமின் ஒரே அறையில் பலர் வாழும்போது ஒரு சீலையைக் குறுக்கே கட்டி மறைத்துக் கொடுப்பதும் மற்றவர்கள் செய்யக்கூடிய உதவியே.

முன்கூட்டியே சிறிது கறந்து பாலை இறக்கி வைத்தால் பிள்ளை போராடத் தேவையில்லை. கடித்தால் வெடுக்கென்று இழுக்காமல், நாடியைக் கீழ்நோக்கி மெல்ல அழுத்தி விடுவியுங்கள். பால் வேகமாக வந்து புரைக்கேறினால், தாய் பின்னே சாய்ந்து, பிள்ளையைத் தன் நெஞ்சின்மேல் கிடத்திக் கொடுக்கலாம்.

முதுகெலும்புப் பிளவுள்ள பிள்ளையை, முதுகுப் புண்ணிலோ சத்திரசிகிச்சை செய்த இடத்திலோ அழுத்தம் படாமல், பக்கவாட்டில் சரித்துக் கிடத்திப் பாலூட்டலாம். தலையில் நீர் கோத்த பிள்ளையின் தலை பாரமானது. அதைத் தலையணையால் தாங்குங்கள். நீரை வெளியேற்றக் குழாய் வைத்திருந்தால் அந்தப் பக்கம் அழுத்தக் கூடாது.

7. கோப்பையால் பருக்குதல்

பிள்ளையை மடியில் நிமிர்த்தி இருத்துங்கள். சிறிய கோப்பையின் விளிம்பைக் கீழுதட்டில் வைத்து, பால் மேலுதட்டைத் தொடும்வரை சரியுங்கள். பிள்ளை நக்கியோ உறிஞ்சியோ எடுக்கும்வரை பொறுத்திருங்கள். வாய்க்குள் ஊற்றக் கூடாது. மல்லாக்கக் கிடத்திச் சங்கால் ஊற்றுவதும், மூக்கைப் பிடித்து விழுங்க வைப்பதும் பாலை நெஞ்சுக்குள் இறக்கி உயிருக்கே ஆபத்தாக முடியும்.

எவ்வளவு கொடுப்பது? முதல் வாரத்துக்குப் பின், பிள்ளையின் ஒரு கிலோகிராம் நிறைக்கு நாளொன்றுக்கு 150 மில்லிலீற்றர் என்பது பொதுவான கணக்கு. 3 கிலோ பிள்ளைக்கு 450 மில்லிலீற்றர். அதை 8 வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 55 முதல் 60 மில்லிலீற்றர் வரும். இருதயக் குறையுள்ள பிள்ளைக்கு டொக்டர் சொல்லும் அளவே சரி.

8. கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

முதல் வாரத்தின் முடிவிலிருந்து நாளுக்கு 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் பால் போதும் என்று கொள்ளலாம். பிறந்தபோது இருந்த நிறையைப் பிள்ளை 2 வாரத்துக்குள் திரும்ப எட்ட வேண்டும். அதன்பின் வாரம் 125 கிராமாவது கூடுவது நல்லது. டவுண் சின்றோம் பிள்ளைகள் மெதுவாக வளர்வார்கள். ஆயினும் நிறை கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ வாளாவிருக்கக் கூடாது. கிளினிக்கில் ஒழுங்காக நிறுத்துப் பதிவேட்டில் குறிப்பித்துக் கொள்ளுங்கள்.

பின்வரும் அடையாளங்கள் தென்பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்:

– பால் குடிக்கையில் நீலம் பாய்தல், மூச்சுத் திணறல், ஒவ்வொரு தடவையும் புரைக்கேறுதல்
– குடித்தபின் நெஞ்சு களகளவென்று இரைதல், அடிக்கடி காய்ச்சலும் சளியும்
– குடிக்கும்போது அதிகம் வியர்த்து வேகமாக மூச்செடுத்தல்
– வலிப்பு, உச்சிக்குழி புடைத்தல், எழுப்பியும் எழும்பாமை
– கை கால் வரை மஞ்சள் பரவுதல், ஒரு நாள் முழுதும் மிகக் குறைவாகச் சிறுநீர் போதல்

வாகன வசதி இல்லாதவர்கள் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

விழுங்குவதே ஆபத்து என்று டொக்டர் கண்டால், மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் வைப்பார். அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அந்தக் குழாயினூடாகப் போகவேண்டியதும் தாயின் பாலே. ஆகையால் தாய் கறப்பதை நிறுத்தக் கூடாது. சில வாரங்களிலோ மாதங்களிலோ மார்புக்குத் திரும்பும் பிள்ளைகளும் உண்டு.

9. குடும்பத்தின் பங்கு

கறப்பது, பருக்குவது, சுத்தம் செய்வது என்று ஒவ்வொரு வேளைக்கும் ஒரு மணித்தியாலம் போகும். நாளுக்கு 8 வேளை. இதைத் தனியே செய்யும் தாய் சில நாட்களிலேயே சோர்ந்து விழுவாள். எனவே தகப்பன் கோப்பையால் பருக்கப் பழகட்டும். மாமி மற்றப் பிள்ளைகளைப் பார்க்கட்டும். அயல் வீடு ஒரு நேரச் சோறு கொடுக்கட்டும். குடிக்கத் தண்ணீர் அள்ளி வைப்பதும் பாலூட்ட உதவுவதே.

பிள்ளைக்குப் பெயர் வைத்து அந்தப் பெயரால் அழையுங்கள். "அது", "இந்தச் சீவன்" என்று பேச வேண்டாம்.

கடும் குறையோடு பிறந்த சில பிள்ளைகள், எவ்வளவு பராமரித்தாலும் நீண்ட நாள் இருப்பதில்லை. அவர்களுக்கும் தாயின் சூடும் பாலின் சுவையும் ஆறுதலே. அப்பிள்ளையை இழந்த தாயிடம் எவரும் கணக்குக் கேட்க வேண்டாம்.

எசாயா 49ஆம் அதிகாரத்தில் இறைவன் தமது மறவாத அன்பைச் சொல்ல வரும்போது, பால் குடிக்கும் பிள்ளையையும் அதன் தாயையுமே எடுத்துக்காட்டுகிறார். அந்தத் தாய் களைத்திருக்கும் வேளையில் அவளுக்குத் துணையாக நிற்பது நமது கடமை.

குழுவில் கலந்துரையாட

1. நமது பகுதியில் பால் குடிக்க இயலாத பிள்ளை பிறந்தால் முதலில் என்ன சொல்கிறோம்? அது தாய்க்கு உதவுகிறதா?
2. மறைவாக அமர்ந்து பாலூட்டவும் கறக்கவும் நமது இடத்தில் வசதி உண்டா? இல்லையெனில் நாமே எதைச் செய்யலாம்?
3. இரவில் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் யாரிடம் வாகனம் உண்டு, மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? பெயர்களை இன்றே எழுதி வையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குக் குடும்பநல மாதுவை அழைத்து, கறக்கும் முறையையும் டான்சர் பிடியையும் ஒரு பொம்மையை வைத்துச் செய்துகாட்டும்படி கேளுங்கள். தகப்பன்மாரும் அன்று வர வேண்டும்.